பழைய ரயில்கார்: ஓட்டுவதா, நிறுத்திக் காட்டுவதா, புதிதாகச் செய்வதா?

தோட்டத்து மூலையில் கோடை வீடாகவோ, ஏதோ ஒரு கடையின் கிடங்காகவோ பல வருடம் கிடந்த ஒரு பெட்டி, நூறு வருடத்துக்கு முந்தைய முன்னோடி ரயில்கார் என்று தெரியவருகிறது. பழைய ரயில்களைப் பேணும் மரபு ரயில் சங்கத்தில் கூட்டம் போடுகிறார்கள். பாதிப் பேர் "ஓட்டியே ஆகணும்" என்கிறார்கள். மீதிப் பேர் "கை வைக்காதே" என்கிறார்கள். மாணவர்களுக்குக் காட்டிச் சொல்லிக்கொடுக்கத்தான் இத்தனை பாடும் என்பதில் மட்டும் யாருக்கும் சண்டை இல்லை. அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்து குழம்பிப்போனவர்களுக்காக இந்த ஒப்பீடு.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எஞ்சின் தொலைந்துபோன வண்டியைத் தாராளமாக ஓட்டலாம். எஞ்சின் பிழைத்திருக்கும் வண்டியை ஓட்டக் கூடாது. கேட்பதற்குத் தலைகீழாக இருக்கிறதல்லவா? காரணங்களைப் பார்ப்போம்.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் கேள்வி, அந்த வண்டியில் எது புதுசு என்பது. தனி எஞ்சின் இழுக்காமல், பெட்டிக்குள்ளேயே இயந்திரத்தை வைத்துத் தானே ஓடுவதுதான் ரயில்கார். பெரும்பாலான ஆரம்பகால ரயில்கார்களில் பெட்டி சாதாரணப் பெட்டிதான். புதுமை எல்லாம் சக்கரத்துக்குச் சக்தி போகும் வழியில் இருந்தது.

இங்கிலாந்தின் நார்த் ஈஸ்டர்ன் ரயில்வே 1903-இல் யார்க் நகரப் பட்டறையில் கட்டிய 3170, 3171 என்ற இரண்டு வண்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் எஞ்சின் ஒரு டைனமோவைச் சுற்றும். அந்த மின்சாரம் போகியில், அதாவது பெட்டியைத் தாங்கும் சக்கரச் சட்டத்தில், இருக்கும் மோட்டார்களுக்குப் போகும். தண்டவாளத்தோரம் மின்தடமோ, தலைக்கு மேல் கம்பியோ வேண்டாம். மின்சார டிராம் போலச் சட்டென்று கிளம்பவும் நிற்கவும் முடியும். அதே கம்பெனி 1904-இல் டைன்சைடு புறநகர்ப் பாதையை மூன்றாம் தண்டவாளம் போட்டு மின்மயமாக்கியது. அந்தச் செலவு கட்டுபடியாகாத கிளைப்பாதைகளுக்கு இந்த வண்டி ஒரு மாற்று யோசனை. இன்று உலகம் முழுக்க ஓடும் டீசல் மின்சார எஞ்சின்களுக்குள் இருப்பது இதே ஏற்பாடுதான்.

அமெரிக்காவின் சிகாகோவில் இருக்கும் 1934-ஆம் வருடத்து டீசல் ரயிலான பயனியர் செஃபிர் வேறு கதை. அதன் டீசல் எஞ்சினுக்குச் சமமாக, துருப்பிடிக்காத எஃகுத் தகடுகளை மின்பற்றவைப்பில் இணைத்த அந்த இலேசான உடலே ஒரு புதுமை. அங்கே பாடம் எஞ்சினறைக்கு வெளியேயும் இருக்கிறது. எது பாடம் என்று முடிவு செய்யாமல் எந்த வழியையும் எடைபோட முடியாது.

இரண்டாவது, உண்மையில் என்ன மிஞ்சியிருக்கிறது? உடல், அடிச்சட்டம், சக்கரங்கள், மோட்டார், எஞ்சின், வரைபடங்கள் என்று தனித்தனியாகக் கணக்கெடுக்க வேண்டும். "எண்பது சதவீதம் அசல்" என்று பெருமையாகச் சொல்லும் பல வண்டிகளில் அந்த எண்பதும் மரப்பலகையாக இருக்கும்.

இதோடு ஒட்டிய இன்னொரு தலைவலி, எந்த வருடத்து நிலைக்குத் திருப்புவது என்பது. 3170-க்கு முதலில் தேர்ந்தெடுத்தது 85 குதிரைத்திறன் நேப்பியர் எஞ்சின். அது சரிப்படாமல் வோல்ஸ்லி எஞ்சின் வந்தது. 1923-இல் அதைவிடப் பெரிய எஞ்சின் ஏறியது. இதில் எது அசல்? மூன்றும்தான். ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் மற்ற இரண்டையும் பலகையில் எழுதித்தான் விளக்க முடியும்.

மூன்றாவது, யாருக்கு, எத்தனை பேருக்கு, எவ்வளவு நேரம் சொல்லித்தரப் போகிறோம்? நான்காவது, சீரமைத்து முடித்த பிறகு வரும் இருபது வருடச் செலவு. நன்கொடையாளர்கள் திறப்பு விழாவுக்குப் பணம் தருவார்கள். பன்னிரண்டாம் வருடத்து பேரிங் மாற்றத்துக்குத் தர மாட்டார்கள். ஐந்தாவது, செய்ததைப் பின்னால் கழற்ற முடியுமா என்பது. மரபு ரயில்களுக்கான 2005 ரிகா சாசனமும் இந்த திசையில்தான் பேசுகிறது: மாற்ற வேண்டி வந்தால் பதிவு செய்து மாற்று, திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் வாய்ப்பை மூடிவிடாதே.

## வழி ஒன்று: நிறுத்திக் காட்டுவது

இதற்குள்ளேயே இரண்டு வகை உண்டு. கிடைத்த நிலையிலேயே மேலும் கெடாமல் பேணுவது ஒன்று. வெளித்தோற்றத்தைப் புதுசாக்கி நிறுத்துவது மற்றொன்று.

பயனியர் செஃபிர் 1934 மே 26 அன்று டென்வரிலிருந்து சிகாகோவுக்கு 1,015 மைல் தூரத்தை 13 மணி 5 நிமிடத்தில் ஓடிக் கடந்தது. 1960-இல் சிகாகோ அறிவியல் அருங்காட்சியகத்துக்கு வந்து, முப்பது வருடத்துக்கும் மேல் திறந்தவெளியில் நின்றது. பிறகு சீரமைத்து, 1997-இல் கட்டடத்துக்குள் கொண்டுவந்தார்கள். துருப்பிடிக்காத எஃகு என்பதால் அத்தனை காலம் தாங்கியது. மர உடல் கொண்ட வண்டி அப்படி நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசியுங்கள்.

இந்த வழியின் மறைமுகச் செலவு வண்டியில் இல்லை, கூரையில் இருக்கிறது. வண்டியின் முழு நீளத்துக்கும் ஈரப்பதம் பெரிதாக ஏறி இறங்காத கட்டடம் வேண்டும். கோடையில் வறண்டு மழைக்காலத்தில் ஊறும் கொட்டகையில் மரச்சட்டத்தின் பொருத்துகள் வருடா வருடம் திறந்து மூடிக் கடைசியில் விட்டுவிடும்.

தோற்றத்தை மட்டும் புதுப்பிப்பவர்கள் செய்யும் பெரிய அநியாயம் பழைய வண்ணத்தை முழுக்கச் சுரண்டி எடுப்பது. அந்தப் பூச்சு அடுக்குகள்தான் வண்டியின் வாழ்க்கைக் குறிப்பு. வெயில் படாத இடமாக, கதவு நிலைக்கு உள்பக்கம், உள்ளங்கை அளவு இடத்தைத் தேர்ந்தெடுத்து, மெல்லிய உப்புத்தாளால் நடுவில் மரம் தெரியும்வரை தேய்த்து, வெளியே வர வர அழுத்தத்தைக் குறைத்தால், ஒவ்வொரு காலத்துப் பூச்சும் வட்டத்துக்குள் வட்டமாகத் தெரியும். கம்பெனி மாறிய வருடம், வர்ணம் மாறிய வருடம் எல்லாம் அந்த வட்டங்களில் எண்ணிப் பார்க்கலாம். அக்காலப் பூச்சில் ஈயம் இருக்கும் என்பதால் தூசியை ஈரத்துணியால் ஒற்றி எடுக்க வேண்டும், முகக்கவசம் கட்டாயம், பிள்ளைகளைப் பக்கத்தில் விடக்கூடாது. தேய்த்து முடித்த அந்த வட்டத்தைக் கண்ணாடி போட்டு அப்படியே விட்டுவிடுங்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல வரலாற்றுப் பாடம் அந்த வண்டியில் வேறு இருக்காது.

"நிற்கிற வண்டியில் பிள்ளைகளுக்கு என்ன சுவாரசியம்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ஓடும் வண்டியில் எஞ்சினறைக் கதவு பூட்டியே இருக்கும். நிற்கும் வண்டியில் மூடியைத் திறந்து வைக்கலாம், கீழே இறங்கி மோட்டாரைப் பார்க்கலாம். அதே மாதிரியின் உதிரி எஞ்சின் ஒன்று கிடைத்தால் அதில் ஜன்னல் வெட்டி, மறைவாக ஒரு சிறு மின்மோட்டார் வைத்து, பிஸ்டன் ஏறி இறங்குவதை மெதுவாகச் சுற்றிக் காட்டலாம். ஒரு நாளில் எத்தனை வகுப்புகள் வந்தாலும் சமாளிக்க முடியும்.

உலகில் ஒன்றே ஒன்று மிஞ்சிய வண்டி, அதிலும் எஞ்சினோடு மிஞ்சியது என்றால் இதைத் தவிர வேறு வழியைப் பேசவே வேண்டாம். பாதி மட்டுமே மிஞ்சியதற்கும் இதுதான். 1933-இல் பெர்லினுக்கும் ஹாம்பர்க்குக்கும் இடையே மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிய ‘பறக்கும் ஹாம்பர்கர்’ வண்டியில் இன்று நியூரம்பர்க் அருங்காட்சியகத்தில் இருப்பது முன்பகுதி மட்டுமே. அதை ஓட்டும் பேச்சுக்கே இடமில்லை. பார்க்க வருபவர்கள் குறையவும் இல்லை.

## வழி இரண்டு: இன்றைய எஞ்சின் போட்டு ஓட்டுவது

3170 போன வழி இது. 1931-இல் சேவையிலிருந்து விலகிய பிறகு அதன் உடல் வட யார்க்‌ஷயரில் ஒரு கோடை வீடாக நின்றது. வீடானதுதான் அதைக் காப்பாற்றியது. மேலே கூரை இருந்ததால் மழை படவில்லை. 2006-இல் மீட்டார்கள். அடிச்சட்டம், எஞ்சின், போகி எதுவும் கையில் இல்லை. வேறொரு பழைய வண்டியின் அடிச்சட்டத்தைக் கொண்டுவந்து, புது டீசல் எஞ்சினும் மின்மோட்டார் போகியும் பொருத்தி, 2018-இல் எம்சே – போல்ட்டன் ஆபி மரபுப் பாதையில் ஓடவிட்டார்கள். பிரிட்டனின் லாட்டரி மரபு நிதியிலிருந்து மட்டும் நான்கரை லட்சம் பவுண்டுக்கு மேல் வந்தது. அதற்கு மேல் நன்கொடையும் தன்னார்வலர் உழைப்பும்.

"டீசல் போட்ட பிறகு அது எப்படி 1903 வண்டி?" என்று முகம் சுளிப்பவர்கள் இருக்கிறார்கள். நான் அந்தக் கட்சியில் இல்லை. எஞ்சின் மின்சாரம் உண்டாக்குகிறது, மின்சாரம் சக்கரத்தைச் சுற்றுகிறது என்ற ஏற்பாடு அப்படியே இருக்கிறது. எரிபொருள்தான் மாறியது, வண்டியின் யோசனை மாறவில்லை. ஏறி உட்கார்ந்து போகும் பிள்ளைக்கு 1903-இன் புதுமை விளங்கும்.

ஆனால் எல்லா வண்டிக்கும் இந்தச் சமாதானம் செல்லாது. அமெரிக்காவின் நெவாடாவில் கார்சன் சிட்டி அருங்காட்சியகத்தில் இருக்கும் மெக்கீன் ரயில்கார் எண் 22, 1910-இல் வந்தது. கத்திமுனை போன்ற முகம், கப்பலில் உள்ளதுபோல் வட்ட ஜன்னல்கள். 1945-இல் ஓய்வு பெற்று, உணவகமாகவும் பிறகு குழாய்வேலைக் கடையாகவும் இருந்து, 1990களில் அருங்காட்சியகத்துக்குத் திரும்பி, நூறாம் வயதில் 2010-இல் மீண்டும் ஓடியது. இன்றைய டீசல் எஞ்சினில்தான் ஓடுகிறது. வேலைப்பாடு அபாரம், மறுக்கவே முடியாது. ஆனால் மெக்கீன் வண்டியின் முக்கியமான பாடம் அதன் சங்கடங்களில் இருந்தது. இருநூறு குதிரைத்திறன் பெட்ரோல் எஞ்சினைக் கியர் வழியாக நேராகச் சக்கரத்தில் மாட்டினார்கள். பின்னோக்கிப் போக வேண்டுமென்றால் எஞ்சினையே நிறுத்தி, எதிர்த்திசையில் சுற்றும்படி மறுபடி கிளப்ப வேண்டும். ரயில்வேக்கள் ஏன் மின்சாரக் கடத்தலின் (எஞ்சினின் சக்தியை மின்சாரமாக்கிச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் முறையின்) பக்கம் சாய்ந்தன என்பதற்கு அதைவிட நல்ல விளக்கம் கிடையாது. புது எஞ்சினும் புதுக் கடத்தலும் போட்டதும் அந்தப் பாடம் வண்டியை விட்டு இறங்கிவிடுகிறது. விளக்கப் பலகையும் படமும்தான் அதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மறைமுகச் செலவுகள் இந்த வழியில்தான் அதிகம் ஒளிந்திருக்கின்றன. சக்கர அச்சுகளில் விரிசல் இருக்கிறதா என்று அல்ட்ராசோனிக் சோதனை செய்ய வேண்டும், சக்கரத்து எஃகு டயர்களைக் கடைய வேண்டும். பயணிகள் ஏறுவதால் உடையாத கண்ணாடி, தீத்தடுப்பு, இன்றைய பிரேக் விதிகள், சக்கர நாற்காலி ஏறும் வசதி எல்லாம் சேரும். காப்பீடு வருடா வருடம் கழுத்தைப் பிடிக்கும். பயிற்சி பெற்ற ஓட்டுநர் இல்லாத ஞாயிற்றுக்கிழமையில் வண்டி கொட்டகையில் நிற்கும். சொந்தப் பாதை இல்லாத சங்கம் இன்னொருவர் பாதையின் கால அட்டவணைக்குக் கட்டுப்பட்டுத்தான் ஆக வேண்டும். இவற்றோடு, டீசல் அதிர்வில் பழைய மரப்பொருத்துகள் தளரும். ஓட ஓட, எதைக் காப்பாற்ற ஓட்டினோமோ அந்த உடலே தேயும்.

## வழி மூன்று: அக்கால இயந்திரத்தையே மறுபடி செய்து ஓட்டுவது

எல்லாம் அசல்போலவே இருக்க வேண்டும் என்பவர்களின் வழி. இங்கிலாந்தின் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயின் நீராவி ரயில்கார் எண் 93 இதற்கு நல்ல சாட்சி. 1908-இல் வந்தது, பெட்டியின் ஒரு முனையில் நிமிர்ந்து நிற்கும் கொதிகலன், அதன் கீழேயே எஞ்சின் போகி. 1930களில் எஞ்சினைக் கழற்றிவிட்டு, வேறு எஞ்சினோடு சேர்ந்து ஓடும் வெறும் பெட்டியாக்கினார்கள். 1970-இல் டிட்காட் மரபுச் சங்கத்தின் கைக்கு வந்தது. புதுக் கொதிகலனும் புது எஞ்சின் போகியும் செய்து அது மறுபடி நீராவியில் ஓடியது 2011-இல்! நாற்பது வருடத்துக்கும் மேல். அந்தச் சங்கத்துக்கு நிலம், பட்டறை, அனுபவம் மூன்றும் இருந்தும் இத்தனை காலம்.

இதில் பெரிய செலவு உலோகத்தில் இல்லை, கைத்தொழிலில் இருக்கிறது. வார்ப்புக்கு மர அச்சு செய்யத் தெரிந்தவர், வெள்ளை உலோகம் என்ற மென்மையான கலப்புலோகத்தை ஊற்றி பேரிங் செய்யத் தெரிந்தவர், சூடான ஆணி அடித்துத் தகடு இணைக்கத் தெரிந்தவர் வேண்டும். நீராவியானால் கொதிகலனுக்குச் சான்று வேண்டும். குறித்த காலத்துக்கு ஒருமுறை அவிழ்த்துப் பார்க்க வேண்டும். பெட்ரோலானால் பழைய கார்புரேட்டரும் மரப்பெட்டியும் அடுத்தடுத்து இருப்பதைப் பார்த்ததும் காப்பீட்டாளர் எழுந்து போய்விடுவார்.

அப்படியென்றால் யாருக்கு இது? தொழிற்கல்வி நிலையத்தோடு கைகோத்த சங்கத்துக்கு. இங்கே படிப்பு பயணத்தில் நடப்பதில்லை, பட்டறையில் நடக்கிறது. வண்டி ஓடும் நாளுக்குள் ஒரு தலைமுறை இளைஞர்கள் அச்சும் வார்ப்பும் கற்றிருப்பார்கள். பொதுமக்களுக்குக் காட்ட மட்டும் என்றால் இந்த வழி அநேகமாக வீண்செலவு. அசல் வரைபடங்கள் கிடைக்கவில்லையா, நினைக்கவே வேண்டாம்.

அசல் எஞ்சினே கையில் இருந்தால்? அதை ஓட்டுவது இந்த வழியில் சேராது. ஓடும் ஒவ்வொரு மணி நேரமும் சிலிண்டரின் உட்சுவரையும் பேரிங்கையும் தின்னும். நூறு வருடத்து வார்ப்பிரும்பு எந்தக் குளிர்காலையில் விரிசல் விடும் என்று யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு பாகமாக மாற்றிக்கொண்டே போனால், இருபது வருடத்தில் அதே பெயரில் வேறொரு எஞ்சின் நிற்கும். அதை அளந்து, வரைந்து, அதேபோல் புதிதாக ஒன்றைச் செய்து அந்த நகலை ஓட்டுங்கள். அசலைக் கையால் சுற்றிவிட்டு எண்ணெய் போட்டு வையுங்கள்.

## வழி நான்கு: முழு நகல்

அமெரிக்காவின் கொலராடோ மலைப்பாதையில் 1931-இல் ப்யூக் காரை வைத்துச் செய்த ‘காலப்பிங் கூஸ்’ ரயில்கார் எண் 1 இரண்டே வருடத்தில் கலைக்கப்பட்டுவிட்டது. இன்று ரிட்ஜ்வே ரயில் அருங்காட்சியகத்தில் ஓடுவது அதன் நகல். இங்கே நகலுக்கு நியாயம் முழுக்க இருக்கிறது. அசல் இல்லை, அதுவும் சாதாரணக் கார் பாகங்களில் பட்டறைக்காரர்கள் தட்டிக் கூட்டியது, அதே முறையில் மறுபடி தட்டிக் கூட்டலாம். பிள்ளைகள் தொடலாம், ஏறலாம், மணியடிக்கலாம். உடைந்தால் அழ வேண்டாம்.

சிக்கல் வேறு இடத்தில். புகைப்படத்தில் தெரியாத பகுதிகளைச் செய்தவர் ஊகித்துச் செய்வார். பத்து வருடம் கழித்து அந்த ஊகமே வரலாறாகிவிடும். எது ஆதாரம், எது ஊகம் என்று வண்டியிலேயே எழுதி ஒட்டாத நகலை நான் கல்விப் பொருளாக ஒப்புக்கொள்ள மாட்டேன். தவிர, நகல் சட்டப்படி புது வண்டி. பழைய வண்டிக்குக் கிடைக்கும் சலுகை அதற்குக் கிடைக்காமல் போகலாம்.

## ஒரே பார்வையில்

| | நிறுத்திக் காட்டல் | இன்றைய எஞ்சினில் ஓட்டம் | அக்கால இயந்திரம் மறுபடி | முழு நகல் |
|---|---|---|---|---|
| அசல் பொருள் பிழைப்பது | மிக அதிகம் | உடல் மட்டும், அதுவும் தேயும் | உடல் மட்டும், அதுவும் தேயும் | பொருந்தாது |
| முதல் செலவு | நடுத்தரம் (கட்டடம் நீங்கலாக) | அதிகம் | மிக அதிகம் | அமைப்பைப் பொறுத்து |
| தொடர் செலவு | குறைவு | அதிகம் | மிக அதிகம் | நடுத்தரம் |
| ஒரு நாளில் பார்ப்போர் | நிறைய | ஓடும் நாளில் மட்டும் | ஓடும் நாளில் மட்டும் | நிறைய |
| நன்றாகச் சொல்லித்தருவது | உள்ளமைப்பு, வரலாறு | பயண அனுபவம் | கைத்தொழில் | தொட்டுப் பழகுதல் |
| ஒளிந்திருக்கும் செலவு | கூரை, ஈரப்பதம் | காப்பீடு, ஓட்டுநர், பாதை | காலம், கைவினைஞர் | ஊகம் உண்மையாவது |

வெறும் உடல் மட்டும் கிடைத்து, பக்கத்தில் மரபுப் பாதையும் இருந்தால் இரண்டாம் வழி. அதிலும் அசல் கடத்தல் முறையைக் காப்பாற்ற முடிந்தால் மட்டும். எஞ்சினோடு கிடைத்தால் முதல் வழி. ஆசை அடங்கவில்லையென்றால் பக்கத்தில் ஒரு நகல். ஒன்றுக்கு மேல் மிஞ்சிய வகையானால் ஒன்றை நிறுத்தி, ஒன்றை ஓட்டலாம். சங்கத்தில் ஆள் பலமும் வயதும் எப்படி இருக்கிறது என்று பார்க்காமல் மூன்றாம் வழிக்குக் கை தூக்காதீர்கள். தொடங்கியவர்களில் எத்தனை பேர் கடைசி ஆணி வரை இருப்பார்கள் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

## பணம் வருவதற்கு முன்

எந்த வழியானாலும் முதல் வருட வேலை ஒன்றுதான். தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டாதீர்கள். உள்ளே வேர்த்து, மழையைவிட வேகமாக மரத்தை அழுகவைக்கும். பக்கங்கள் திறந்த தகரக் கூரை போதும். வண்டியைத் தரையிலிருந்து தூக்கிக் கட்டைமேல் வையுங்கள். அது வீடாகவோ கடையாகவோ இருந்த காலத்துச் சுவர்த்தாளையும் அலமாரியையும் குப்பை என்று பிய்த்துப் போடாதீர்கள். அவற்றுக்குப் பின்னால்தான் அசல் வண்ணமும் இருக்கைத் தடங்களும் பத்திரமாக இருக்கும். அந்தக் காலத்தில் அதில் வாழ்ந்தவர்கள் ஊரில் இருந்தால் பேட்டி எடுத்துப் பதிவு செய்யுங்கள்.

கழற்றும் ஒவ்வொரு பாகத்தையும் கழற்றுவதற்கு முன்னும் பின்னும் படம் எடுத்து, எண் கொடுத்து, அந்த எண்ணைக் குறிப்பேட்டிலும் ஏற்றுங்கள். அட்டையில் எழுதிக் கட்டினால் முதல் மழைக்கே கரைந்துவிடும். சிறு அலுமினியத் தகட்டில் எண்ணை உளியால் அடித்துக் கம்பியால் கட்டுங்கள்.